ஆறரை மாடிக்காரர்

பதினாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு லிஃப்டில் ஏறப் பயம் வந்தால் என்ன செய்வார்? படி ஏறுவார். இந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்தார்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு குடியிருப்பில், ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவே லிஃப்ட் நின்று, விளக்கும் அணைந்துபோய், நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டார். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தார். மறுநாள் வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூடியதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை நனைந்தது. அன்றிலிருந்து கருவிப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிலேயே போனார். உள்ளே ஏறிப் பார்க்கிற வேலையை எல்லாம் தன்னோடு வேலை செய்த மைத்துனன் தலையில் கட்டினார்.

"என்ன மாமா, புதுசா படியேறுறீங்க?"

"தொப்பையைக் குறைக்கிறேன்டா மச்சான்."

அந்தப் பொய் வீடு வரை போய்விட்டது. திரைச்சீலை தைக்கிற மனைவி, துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் கணவரின் வைராக்கியத்தைப் பெருமையாகச் சொன்னாள். இனி உண்மையைச் சொல்ல வாயேது?

ஒருநாள் வேலைக்குப் போன கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த கிளினிக் நர்ஸ், படியில் வியர்த்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துப் போனார். டாக்டர் பார்த்தார். ஈசிஜி எடுத்தார்கள். இதயம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

"இது பதற்றம்தான் அண்ணா. செவ்வாய்க்கிழமை கவுன்சிலர் வருவாங்க, வந்து பாருங்க. அதுவரைக்கும் இதைக் கேளுங்க" என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூன்று பாட்காஸ்ட் பெயர்களை எழுதிக்கொடுத்தார் நர்ஸ்.

முதலாவதில் ஒரு பேராசிரியர் மூளையின் பாகங்களை விளக்கினார். மெக்கானிக் பஸ்ஸில் தூங்கிப்போய், நாலு நிறுத்தம் தாண்டி இறங்கினார். இரண்டாவதில் மழைச் சத்தம் ஓயாமல் கேட்டது. பாதியில் கழிப்பறையைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. மூன்றாவது, 'கொஞ்சம் மூச்சு விடு'. அக்காளும் தங்கையும் பேசுவார்கள். அக்காள் மனநல ஆலோசகர். தங்கைக்குப் பாலத்தைக் கண்டால் பயம்.

"பயத்தைத் திட்டாதீங்க. அது நம்ம வீட்டு நாய். திருடன் யாரு, தபால்காரர் யாருன்னு தெரியாம குரைக்குது" என்றாள் அக்காள்.

"எங்க நாய் என்னைப் பார்த்தே குரைக்குதே!" என்றாள் தங்கை.

மெக்கானிக் படிக்கட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து மாதங்கள் ஆகியிருந்தன. அதன்பின் தினமும் கேட்டார். செவ்வாய்க்கிழமை மட்டும் ஏதாவது வேலை வந்துவிடும். கடைசியில் துணிந்து அந்தச் சகோதரிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, 'ஆறரை மாடிக்காரர்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

வீட்டில் இரண்டு போனுக்கும் ஒரே கணக்கு என்பது அவருக்கு நினைவில்லை. அவர் கேட்டதெல்லாம் மனைவியின் போனிலும் வந்து நின்றது. தானாக வந்தது என்று நினைத்து அவளும் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி கேட்க ஆரம்பித்தாள். மகள் படிக்க வெளியூர் போனபின் வீடு அவளுக்கு வெறிச்சோடிக் கிடந்தது. அந்தச் சகோதரிகளின் பேச்சு வந்ததும் வீட்டில் ஆள் இருப்பது போலிருந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் தங்கை அந்தக் கடிதத்தைப் படித்தாள். "நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு லிஃப்ட்னா பயம். தொப்பை குறையத்தான் படியேறுறேன்னு என் மனைவி ஊரெல்லாம் சொல்லிட்டா. அவ பெருமைப்படுறதைப் பார்த்தா உண்மை தொண்டையிலயே நின்னுடுது."

மிஷின் நின்றது. திரைச்சீலையின் விளிம்பு கோணிக்கொண்டு போயிருந்தது. அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். கணவரோடு வேலை செய்யும் தன் தம்பிக்குப் போன் செய்து, இன்று எங்கே வேலை என்று கேட்டாள். அரை மணி நேரத்தில், அவன் சொன்ன நாலு மாடிக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"இங்க ஆறரை மாடிக்காரர்னு ஒருத்தர் இருக்காராமே?"

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் ஒவ்வொரு படியாக விழுந்து கீழே போனது. "உனக்கு... எப்படித் தெரியும்?"

"நானும் தினம் கேக்குறேங்க."

"நீயா? உனக்கு என்ன பயம்?"

"பயமில்ல. பாப்பா போனதிலிருந்து வீட்டுல இருக்கவே முடியல."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அதை யாரு யாருகிட்ட சொல்றது!"

இரண்டு பேரும் சிரித்த சத்தத்தில் மைத்துனன் ஓடிவந்தான். விஷயம் தெரிந்ததும் இடுப்பில் கைவைத்து நின்றான். "அட மாமா! முதல்லயே சொல்லியிருந்தா முணுமுணுக்காமயாவது செஞ்சிருப்பேன்."

"ஒரு மாடி மட்டும். பிடிச்ச ஆளோட. உங்க கடிதத்துக்கு அந்த அக்கா இன்னைக்கு அப்படித்தான் பதில் சொன்னாங்க" என்று மனைவி லிஃப்டுக்குள் போய் நின்றாள்.

அவர் கால் எடுத்து வைத்தார். கதவு மூடியது. நெஞ்சு அடித்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தம்பி சின்ன வயதில் கேட் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டதையும், பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெயோடு வந்ததையும் மூச்சுவிடாமல் சொன்னாள். எண்ணெய் தலையில் ஊற்றப்படுவதற்குள் முதல் மாடி வந்துவிட்டது.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"கீழே போகும்போது சொல்றேன்."

மேலும் கீழுமாக ஐந்து தடவை போய்வந்தார்கள். நாலாம் மாடி அம்மாள் காய்கறிப் பையோடு காத்திருந்து பொறுமை இழந்தார். "இது லிஃப்டா ஊஞ்சலாப்பா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்தே கவுன்சிலரைப் பார்க்கப் போனார்கள். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் இரண்டாம் மாடியோடு நிறுத்திக்கொண்டார். சில நாள் படிதான். ஆனால் இப்போது, "இன்னைக்கு முடியலடா மச்சான்" என்று சொல்ல அவருக்குக் கூச்சமில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பன்னிரண்டு மாடிப் புதுக் கட்டடத்துக்கு மனைவியை அழைத்துப் போனார். அவரே பொருத்திய லிஃப்ட். நேராக உச்சிக்குப் போனார்கள். மொட்டை மாடியில் காற்று அவளைத் தள்ளியது. அவ்வளவு உயரத்திலிருந்து அவள் எதையுமே பார்த்ததில்லை. ஆரஞ்சை உரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு, மகளை வீடியோ காலில் கூப்பிட்டு, கீழே எறும்பு மாதிரி ஊர்ந்த பஸ்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள்.