தவறாக நிரப்பப்பட்ட ஒரு படிவம்

ஸ்லாவிட்சா தன் ஆய்வின் முடிவை, ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட்டாள். ‘நலக்கல்வி பெற்ற சர்க்கரை நோயாளிகளின் மனநலம் கணிசமாக மேம்பட்டது’ என்ற வாக்கியம் மார்ச் மாதமே அவள் கணினியில் உட்கார்ந்திருந்தது. அப்போது கல்வியும் இல்லை, நோயாளிகளும் சேரவில்லை. எண்கள் மட்டும்தான் பாக்கி. அவற்றைக் கொண்டுவந்து கொட்டுவது நெவென்காவின் வேலை.

செர்பியாவின் கிழக்கு மூலையில், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் சின்ன ஊர் அது. அங்குள்ள சுகாதார நிலையத்தில் ஸ்லாவிட்சா தலைமை நர்ஸ். நோயாளியின் காலைத் தொட்டுப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று கிளம்பியிருந்தாள். அறைக் கதவில் மாட்ட வேண்டிய பெயர்ப்பலகைக்குக்கூட ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. நெவென்காவுக்கு நாற்பத்தோரு வயது, தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்லாவிட்சா கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆறு மாதம் வேலை உண்டு. ஆகவே ஸ்லாவிட்சா என்ன சொன்னாலும் நெவென்காவின் வாயிலிருந்து “சரி மேடம்” என்பது தானாகவே வரும்.

நெவென்கா ஆறு வியாழக்கிழமைகள் வகுப்பு எடுத்தாள். காலை எப்படிக் கழுவித் துடைப்பது, ஊசியை எங்கே போடுவது, ரொட்டியை எவ்வளவோடு நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்தாள். கையேட்டை ஸ்லாவிட்சா எங்கிருந்தோ அப்படியே மொழிபெயர்த்திருந்தாள். அதில் சால்மன் மீனும் அவகாடோவும் பளபளத்தன. இந்த ஊர்ச் சந்தையில் போய் அவகாடோ இருக்கிறதா என்று கேட்டால், அவர் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். வந்த நாற்பது கிழடுகளும் கையேட்டால் விசிறிக்கொண்டார்கள். ஆனால் நெவென்காவை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. “சர்க்கரையே போடலை சிஸ்டர், சாப்பிடுங்க” என்று தேன் சொட்டும் பலகாரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

கடைசி வியாழனன்று படிவம் கொடுத்தாள். பன்னிரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை முறை காரணமில்லாமல் துக்கமாக இருந்தது, தூக்கம் கெட்டது, மற்றவருக்குப் பாரமாக இருப்பதாகத் தோன்றியது, காலையில் விழிக்காமலே போனால் தேவலை என்று பட்டது. ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று, எப்போதும் என்றால் ஐந்து. வகுப்புகளுக்கு முன்னால் இதே கேள்விகளை நெவென்கா போனில் கேட்டு அவளே குறித்திருந்தாள். இந்த முறை காகிதத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டாள். அங்கேதான் பிடித்தது வினை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்லாவிட்சா போட்ட கூச்சல் ரத்தம் எடுக்கும் அறைவரை கேட்டது.

“அஞ்சு, அஞ்சு, எல்லாம் அஞ்சு! ஊர் மொத்தமும் சாகத் துடிக்குதுன்னு இருக்கு! ஆறு வாரம் என்னத்தடி சொல்லிக்குடுத்த இதுங்களுக்கு? நாளைக்குக் கருத்தரங்கு!”

நெவென்கா படிவங்களைப் புரட்டினாள். பெர்சிதா என்ற கிழவிக்குப் போன் போட்டாள். பன்னிரண்டுக்கும் ஐந்து போட்டிருந்தவள் அவள்.

“ஆமா மகளே, அஞ்சுதான் போட்டேன். உனக்கு அஞ்சு போடாம யாருக்குப் போடுவேன்?”

“எனக்கா? கேள்வியைப் படிச்சீங்களா அத்தை?”

“எழுத்து எறும்பு மாதிரி இருந்துது, யாரு படிச்சா? உன் மேலதிகாரி பார்க்கிற காகிதமாச்சே. அதுல ஒண்ணு போட எனக்கு மனசு வருமா? என் பையன் கணக்குல ஒண்ணு வாங்கி ஒரு வருஷம் அதே வகுப்புல உட்கார்ந்தான். அந்த வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதா?”

விஷயம் அவ்வளவுதான். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எவனுக்கும் ஐந்து என்றால் கெட்டிக்காரன், ஒன்று என்றால் தோற்றவன். ஒன்று முதல் ஐந்துவரை அச்சடித்த காகிதத்தைக் கண்டால் கை தானாக ஐந்தைத்தான் வட்டமிடும். டீச்சர் நல்லவள், பாவம், பாஸாகட்டும் என்று நினைத்துவிட்டார்கள். இது தெரியாமல் வெளிநாட்டுப் படிவத்தை மொழிபெயர்த்த ஸ்லாவிட்சாவும் இதே ஊர்ப் பள்ளியில் படித்தவள்தான்.

நெவென்கா போய்ச் சொன்னதும் ஸ்லாவிட்சாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, இவ்வளவுதானா! அப்ப அஞ்சை ஒண்ணாக்கு, ஒண்ணை அஞ்சாக்கு. முடிஞ்சுது.”

“அவங்க கேள்வியே படிக்கலையே மேடம்.”

“சந்தோஷமா இருந்ததாலதானே அஞ்சு போட்டாங்க? சந்தோஷம்னா மனநலம். உனக்கு என்ன குழப்பம் இதுல?”

குழப்பம் ஒன்றும் இல்லை. வெட்கம்தான் இருந்தது. அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. நெவென்கா உட்கார்ந்து எண்களைத் திருப்பிப் போட்டாள். முப்பத்தொன்பது பேர் ஒரே சொடுக்கில் ஆனந்த வெள்ளத்தில் மிதக்க ஆரம்பித்தார்கள். நாற்பதாவது காகிதத்தில் கை நின்றது.

ரதோய்கோவுடையது அது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அறுபத்து நாலு வயது, மேலே மலைக் கிராமத்தில் வீடு. அவர் மட்டும் கேள்விகளைப் படித்திருந்தார். தூக்கத்துக்கு மூன்று, பசிக்கு இரண்டு. ‘வீட்டாரிடம் எரிந்து விழுந்தீர்களா?’ என்பதற்கு ஒன்று போட்டு, பக்கத்தில் பென்சிலால் ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று எழுதியிருந்தார். பாரமாக இருப்பதற்கு ஐந்து. விழிக்காமல் போவதற்கும் ஐந்து. அந்த ஐந்தைப் பேனாவால் இரண்டு தரம் வட்டமிட்டிருந்தார்.

“மேடம், இவர் நிஜமாவே சொல்றாரு.”

ஸ்லாவிட்சா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். “இது என்ன, ஒண்ணு ரெண்டு மூணுன்னு கலந்து கட்டி? திருப்பினாலும் அட்டவணை கெடுது, திருப்பலைன்னாலும் கெடுது. தள்ளிவிடு. ‘தவறாக நிரப்பப்பட்டது’ன்னு போடு. முப்பத்தொன்பது போதும்.”

“ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?”

“மனநல டாக்டர் மாசம் ரெண்டு செவ்வாய் வர்றார். பேரை எழுதி வை. உன் ஒப்பந்தம் என் மேஜைலதான் இருக்கு நெவென்கா, நான் அதைப் படிக்கிறதா, ஸ்லைடைப் படிக்கிறதா?”

நெவென்கா “சரி மேடம்” என்றாள். நாற்பதில் சரியாக நிரப்பப்பட்ட ஒரே காகிதத்தின் தலையில் ‘தவறாக நிரப்பப்பட்டது’ என்று தன் அழகான கையெழுத்தில் எழுதினாள். அன்று மாலை தன் வீட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள், போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாடு கீடு பார்க்கப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டாள். அவரிடம் மாடு இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஓர் ஊரின் ஓட்டலில் கருத்தரங்கு. கழுத்தில் அட்டை தொங்க இருநூறு நர்ஸுகள். பாதிப் பேரின் கண் பின்பக்கக் கதவில் இருந்தது, அங்கே ஆட்டுக்கறி சுடும் வாசனை. ஸ்லாவிட்சா ஊதா கோட்டில் மேடையேறினாள். திரையில் முப்பத்தொன்பது பேரின் துக்கம் சரிந்து தரையோடு தரையாகக் கிடந்தது. இப்படிச் சரிந்த துக்கத்தை அந்த மண்டபம் கண்டதே இல்லை. கைதட்டல் அடங்கியதும், தலைநகரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், ரகசியம் என்ன என்று கேட்டார்.

“நோயாளியின் குரலைக் காது கொடுத்துக் கேட்கிறோம்” என்றாள் ஸ்லாவிட்சா. “ரகசியம் அவ்வளவுதான்.”

நெவென்காதான் கீழே உட்கார்ந்து ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தாள். ஸ்லைடு மாற்றும் கருவியை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தாள். மேடையிலிருந்து முறைத்தவளை முதல் தடவையாகத் திரும்பி முறைத்தாள். வெளியே வந்து டாக்ஸி பிடித்தாள்.

ரதோய்கோவின் வீட்டுக் கதவு வெறுமே சாத்தியிருந்தது. சோபாவில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது, பக்கத்தில் காலித் தண்ணீர் ஜாடி. மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடை. நெவென்கா மேஜையிலிருந்த அவருடைய கருவியை எடுத்து, விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். கருவி எண் காட்டாமல் ‘மிக அதிகம்’ என்று மட்டும் காட்டியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவருடைய இன்சுலின் ஊசியோடு பக்கத்தில் மண்டியிட்டாள்.

“ரதோய்கோ மாமா, ஊசி எப்ப போட்டீங்க?”

“வகுப்பு இருக்கிற வரைக்கும் போட்டேன் சிஸ்டர்.” நாக்கு ஒட்டி ஒட்டிப் பேசினார். “வியாழன் வந்தா நாலு மனுஷங்களைப் பார்க்கலாம்ல. குளிச்சு, சட்டை மாத்தி, பஸ் ஏறி. அதுதான் முடிஞ்சு போச்சே.”

ஆறு வாரத்தில் அந்த ஆய்வு கண்டுபிடித்த ஒரே உண்மை அதுதான். சால்மனும் இல்லை, அவகாடோவும் இல்லை. வியாழக்கிழமை மட்டும்தான் வேலை செய்திருந்தது, அதையும் இவர்களே நிறுத்திவிட்டார்கள்.

“ஏன் மாமா ஒரு வார்த்தை சொல்லலை?”

“சொன்னேனே. காகிதத்துல.” அவர் மெல்லச் சிரிக்கப் பார்த்தார். “நேத்து பொழுது சாயற வரைக்கும் ஜன்னல்கிட்டதான் இருந்தேன். யாராவது வருவாங்கன்னு. எப்ப படிச்சீங்க சிஸ்டர்?”

நேற்று பதினொரு மணிக்கு என்பது அவள் தொண்டைவரை வந்தது.

“இப்பத்தான் மாமா. காலைலதான் பார்த்தேன். பார்த்ததும் ஓடி வர்றேன்.”

ரதோய்கோவின் முகம் தெளிந்தது.

“அதானே பார்த்தேன். நேத்தே படிச்சிருந்தா நேத்தே வந்திருப்பீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?” என்று சொல்லி, ஊசிக்குக் கையை நீட்டினார்.