மேல் வீட்டில் படிப்பவள்

மும்பை தாராவியில் பேராச்சியின் வீடு சட்டை தைக்கும் பட்டறை ஒன்றின் மேல் தட்டில் இருந்தது. காலையில் மெஷின்கள் ஓடத் தொடங்கினால் தரை அதிரும்; புத்தகத்தின் மேல் வைத்த விரலும் சேர்ந்து அதிரும். அந்த அதிர்வுக்குள்ளேயே படித்து, மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி ஆண்டுவரை வந்துவிட்டாள். டிராம்பே ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானியாகச் சேர்வதற்கான தேர்வு அந்தக் கோடையில் வர இருந்தது. சிறுமியாக இருந்தபோது பஸ் ஜன்னல் வழியாக அந்த மையத்தின் நீண்ட மதிலைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

கல்லூரி விடுமுறை தொடங்கியதும் தோழி லிசா கூப்பிட்டாள். "டிராம்பே படகு ஜெட்டிக்குப் போலாம் வா. ஃபிளமிங்கோ பறவைங்க வந்திருக்காம். ஒரே ஒரு நாள்."

"செலக்ட் ஆகட்டும் லிசா. அப்புறம் வாழ்க்கை பூரா லீவுதான்."

"வேலை கெடச்சா எப்படிடி லீவு ஆகும்? பாகல் ஹை க்யா, பைத்தியமா நீ?"

பேராச்சி சிரித்துவிட்டு போனை வைத்தாள். சந்தோஷம் என்பது அந்த மதிலுக்கு உள்ளே இருக்கும் ஒன்று என்று அவள் நினைத்திருந்தாள். அதுவரை சந்தோஷமாக இருப்பது ஒருவகைத் திருட்டு.

அவளுடைய அம்மா விஜயராணி செம்பூரில் ஞானசீலன் என்பவர் வீட்டில் சமையல் வேலை செய்தாள். ஞானசீலன் குடும்பம் இருந்த பழைய கட்டடம் இடித்துப் புதிதாகக் கட்டப்பட இருந்தது. எல்லாக் குடும்பங்களும் வாடகை வீடுகளுக்குப் போய்விட்டிருந்தன. ஞானசீலன் தன் பழைய வீட்டுச் சாவியைப் பேராச்சியிடம் கொடுத்தார்.

"ஒரு மேசையும் ஃபேனும் விட்டு வச்சிருக்கேன்மா. பில்டர் கேக்கிற வரைக்கும் அங்க போய்ப் படி. சத்தம் போட ஆளே இல்ல."

முதல் நாள் காலை அந்த அமைதியே அவளுக்குப் பயமாக இருந்தது. மின்விசிறியின் கிறீச்சொலியைத் தவிர ஒன்றுமில்லை. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. மதியத்துக்குச் சற்று முன்னால் மேல் மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. சத்தமாக ஆங்கிலத்தில் எதையோ படித்துக்கொண்டிருந்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல். காலி செய்யாத குடும்பம் ஒன்று இருக்கிறதுபோல என்று பேராச்சி நினைத்தாள். துணைக்கு ஒருத்தி. மனம் லேசானது.

கூர்ந்து கேட்டபோது அதுவும் வேதியியல்தான்.

அடுத்தடுத்த நாட்களில் அந்தத் துணை வேறு மாதிரி ஆயிற்று. பேராச்சி தேநீர் குடிக்க எழுந்தால் மேலே படிப்பு ஓடிக்கொண்டிருக்கும். வெட்கமாக இருக்கும், தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு வந்து உட்கார்வாள். டிஃபன் டப்பாவைத் திறக்கும்போதும் குரல் நிற்காது. பிறகு டப்பாவைத் திறப்பதையே விட்டாள். எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அந்தக் குரல் அவளுக்கு முன்பே தொடங்கியிருந்தது. எவ்வளவு நேரம் கழித்துப் பூட்டினாலும் அவள் படியிறங்கும்போது அது பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. மூச்சு வாங்குவதற்காகக்கூட அது நின்றதில்லை என்பதை அவள் ஏனோ கவனிக்கவில்லை.

ஒரு மதியம் புத்தகத்தின் மேலேயே கண் அயர்ந்துவிட்டாள். விழித்தபோது மேலே படித்த வரி அவள் கண்ணெதிரே இருந்தது. அதே பக்கம். விரலை வைத்துத் தொடர்ந்தாள். சொல்லுக்குச் சொல் சரியாக வந்தது. பக்கம் முடிந்தது. அவள் வேண்டுமென்றே திருப்பாமல் இருந்தாள். குரல் நிற்காமல் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. மெல்லத் திருப்பிப் பார்த்தாள். குரல் சொல்லிக்கொண்டிருந்த வரி அங்கே இருந்தது.

அவள் எழுந்து ஓடவில்லை. 'வசதியாகத்தானே இருக்கிறது' என்று நினைத்தாள். பின்னாளில் அவளை அதிகம் நடுங்கவைத்தது அந்த நினைப்புதான்.

அன்றிலிருந்து அவள் படிக்கவில்லை. அது படித்தது, இவள் விரலை ஓட்டினாள். பாடம் கல்லில் வெட்டியதுபோல மனதில் நின்றது. மாதிரித் தேர்வுகளில் ஒரு விடைகூடத் தவறவில்லை. வேறு எதுவும்தான் நிற்கவில்லை. காலையில் சாப்பிட்டோமா, எந்த பஸ்ஸில் வந்தோம் என்பதெல்லாம் நழுவின. வீட்டில் ஏற்ற இறக்கமில்லாமல் பேசினாள். அப்பா ராஜபாண்டி தோல் பட்டறையிலிருந்து வாங்கி வந்த ஜிலேபியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஜயராணி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் தாங்காமல் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏட்டி, எத்தன தடவ கூப்பிடுதேன்! வேற யாரையோ கூப்பிடுத மாதிரி உக்காந்திருக்க. நீ இங்கன இருக்கியா இல்லையா?"

பேராச்சிக்குப் பதில் தெரியவில்லை. அது தெரியாததுதான் அவளைச் சற்று விழிக்கவைத்தது.

மறுநாள் கட்டடத்துக் காவலாளி தாஹிரிடம் மேல் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"ஊப்பர்? கோயி நஹீ," மேலே யாருமே இல்லை என்றார் அவர். தண்ணீர், மின்சாரம் எல்லாம் அங்கே எப்போதோ நிறுத்தியாகிவிட்டது, பூட்டின் சாவி பில்டரிடம் இருக்கிறது என்று விளக்கினார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதும் குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஞானசீலனுக்கு போன் செய்தாள். மேல் வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டாள்.

"அது பத்மஜா வீடும்மா. அவளும் உன்னை மாதிரி இதே பரீட்சைக்குத்தான் படிச்சா. வருஷா வருஷம் எழுதுவா. எங்க வீடு வரைக்கும் கேக்கும், அப்படிச் சத்தமா படிப்பா."

"இறந்துட்டாங்களா சார்?"

"ஐயையோ! நல்லா இருக்காம்மா. மாட்டுங்கா மார்க்கெட்ல சேலைக்கு ஃபால் தைக்கிற கடை வச்சிருக்கா."

பேராச்சி அன்றே அந்தக் கடையைத் தேடிப் போனாள். பூக்கடைகளுக்குப் பின்னால், ஒரு மெஷினும் ஒரு முக்காலியும் மட்டும் கொள்ளும் இடம். பத்மஜாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தலையில் கதம்பம். மயில்நிறச் சேலை ஒன்றின் ஓரத்தைத் தைத்தபடி, எதிர்க்கடைக்காரியோடு சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பேராச்சி செம்பூர்க் கட்டடத்தின் பெயரைச் சொன்னதும் மெஷின் நின்றது.

"அது இன்னும் படிச்சிட்டா இருக்கு?" என்றாள் பத்மஜா.

பேராச்சி தலையசைத்தாள்.

"ஒருநாள் என்னால முடியல. புஸ்தகத்தைத் திறந்தபடி அப்படியே போட்டுட்டு எழுந்துட்டேன். வாசலுக்கு வந்து செருப்பு மாட்டறேன், உள்ள என் குரல் படிச்சிட்டிருக்கு. நான் திரும்பிப் பார்க்கல. அம்மா அப்பாவை எப்படியோ பேசி வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

"இப்ப சந்தோஷமா இருக்கீங்களாக்கா?"

"ரொம்ப. பொய் சொல்லல." பத்மஜா சேலையை மடியில் மடித்து வைத்தாள். "ஆனா அதுக்கப்புறம் எழுத்து எனக்கு ஒட்டறதில்ல. பஸ் போர்டு படிச்சா அடுத்த நிமிஷம் காணோம். கஸ்டமர் பேரை எழுதி வைக்காம, சொல்லச் சொல்லிக் கேட்டுத்தான் மனசுல வச்சுக்கறேன். படிப்பு மொத்தமும் அதுகிட்டயே தங்கிடுச்சு. நீ எவ்வளவு நாளா அங்க போற?"

பேராச்சி வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றாள். பத்மஜா சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினாள்.

புத்தகங்கள் இன்னும் செம்பூரில் இருந்தன. மறுநாள் நல்ல வெயிலில் அவற்றை எடுக்கப் போனாள். கதவைத் திறக்கும்போதே மேலிருந்து வருவது கேட்டது. இன்று இரண்டு குரல்கள். ஒன்று பழையது. மற்றொன்று சற்று இளையது, அதே ஏற்ற இறக்கமில்லாமல் கூடவே படித்தது. ஒரு சொல்லில் அது தடுமாறியது. பேராச்சி சிறுவயதிலிருந்தே தடுமாறும் சொல் அது.

புத்தகங்களைத் தொடவில்லை. மாடிப்படி ஏறினாள். பூட்டில் துரு ஏறியிருந்தது. கதவிடுக்கில் தூசி படிந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவளே படித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள், முடியவில்லை. திரும்பி ஓடிவிடலாம், பத்மஜாபோலச் சிரித்துக்கொண்டும் வாழலாம். ஆனால் உள்ளே இருப்பது பட்டறைச் சத்தத்துக்குள் உட்கார்ந்து படித்த சிறுமியும்தான். அவளை அங்கே விட்டுப்போக மனம் வரவில்லை.

அம்மா கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டாள்.

"ஏட்டி பேராச்சி. போதும், வா. லீவு விட்டாச்சு."

இளைய குரல் நின்றது. மற்றது நிற்கவில்லை. பேராச்சி திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள். பின்னால் காலடி எதுவும் கேட்கவில்லை. முதுகில் மட்டும் யாரோ நெருங்கி நடக்கும்போது வரும் வெதுவெதுப்பு இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் கேட்டபோது அவள் யோசிக்காமல் "தோன்" என்றாள். அவர் பக்கத்துக் காலி இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பட்டறை அதிர்வுக்கு நடுவே தூங்கினாள். விழித்ததும் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். விஜயராணி யாரையும் அவளை எழுப்ப விடவில்லை. பிறகு லிசாவோடு டிராம்பே ஜெட்டிக்குப் போனாள். சேற்றுப் பரப்பில் தொலைவில் பறவைகள் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. பின்னால் எண்ணெய் ரிஃபைனரிப் புகை. லிசா விடாமல் பேசினாள். பேராச்சிக்கு அது பெரிய ஆனந்தமாகவெல்லாம் இல்லை. காலில் சேறு குளிர்ந்தது, பசித்தது, வறுத்த மீன் மணம் வந்தது. எல்லாம் அப்படியே அவளிடம் தங்கின. அது போதுமாக இருந்தது. ஜெட்டி சுவரில் மராத்தியில் எழுதியிருந்த அறிவிப்பை ஓரக்கண்ணால் படித்தாள். கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தாள். எழுத்து அகலவில்லை. அழுதுவிட்டாள். லிசா பயந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேர்வு எழுதினாள். சில கேள்விகளுக்கு விடை தெரியவில்லை, விட்டுவிட்டாள். மழைக்காலத்தில் முடிவு வந்தது. அவள் பெயர் இல்லை. செம்பூரில் ஒரு பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த வருடம் மறுபடி எழுதுவதாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகத்தைத் தொடுவதில்லை.

மழை விட்ட பிறகு, கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று ஞானசீலன் சொன்னார். பேராச்சி பத்மஜாவுக்கு போன் செய்தாள். அவள் வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை, வந்தாள். இருவரும் தகர வேலிக்கு வெளியே நின்றார்கள். கதவுகளையும் ஜன்னல்களையும் பிடுங்கியிருந்தார்கள். மேல் மாடியின் வெற்று ஓட்டை வழியாகக் குரல் தெளிவாகக் கேட்டது.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்கக்கா. வரும். நான் அப்படித்தான் கூட்டிட்டு வந்தேன்."

பத்மஜா அண்ணாந்து வெகுநேரம் கேட்டாள். அவள் உதடு குரலோடு சேர்ந்து லேசாக அசைந்தது.

"நல்லா படிக்குது இல்ல?" என்றாள். "வந்தா என்கிட்ட என்ன செய்யும்? ஃபால் தைக்குமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று ரிக்ஷாவில் ஏறிப் போய்விட்டாள்.

தொழிலாளர்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பேராச்சியால் அப்படியே கிளம்ப முடியவில்லை. வேலியருகே போய், தானே ஒருமுறை கூப்பிட்டாள்.

"பத்மஜாக்கா!"

குரல் நின்றது. கட்டடம் முழுவதும் அமைதியாயிற்று. பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பும் ஓசை கேட்டது. படிப்பு தொடர்ந்தது. இயந்திரத்தின் நீண்ட கை மேல் மாடியை நோக்கி உயர்ந்தது.