முதுகு காட்டிய நிழற்குடை

1

இந்தக் கதை ஒரு பஸ்ஸைத் தவறவிட்டதில் கிடைத்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒடுகத்தூருக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலை இறங்கி முடிகிற ஓர் ஊருக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். (கதைக்காக ஊரின் பெயர் புங்கம்பள்ளி. உண்மைப் பெயரைப் போட்டால் அடுத்த முறை டீ கிடைக்காது.) வேலை முடிந்து, புத்தம்புது நிழற்குடையில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நல்ல காற்று. முதுகுக்குப் பின்னால் பஸ் வந்தது, போயிற்று. நடுவில் முழுச் சுவர் இருந்ததால் டிரைவர் என்னைப் பார்க்கவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் மனுவும் கையுமாக உட்கார்ந்திருந்த அம்மா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

"போய்ட்ச்சு. இனிமே பதினொன்னேகாலுக்குத்தான்."

"ஏங்க இதை இப்படித் திருப்பிக் கட்டியிருக்காங்க?"

"அது பெரிய கதைங்க."

எழுதுகிறவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. பதினொன்றே காலுக்குள் முழுவதையும் சொல்லிவிட்டார், ஒன்றைத் தவிர. அந்த அம்மா அந்த வார்டின் மெம்பர் நீலாவதி. மனு, இதே நிழற்குடையை ரோட்டைப் பார்த்துத் திருப்பிக் கட்டித் தரச்சொல்லி யூனியன் ஆபீசுக்கு.

2

தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாறினேன்.

"ஜவ்வாது மலைச் சாரலில் இளங்காலைப் பனி மெல்ல விலக..." வேண்டாம். பனி விலகினால் பஸ் நின்றுவிடுமா?

"பொருள் எண் 7: பயணியர் நிழற்குடை அமைத்தல் குறித்து மன்றம்..." இது நேர்மையான தொடக்கம். எனக்கே கொட்டாவி வந்தது.

"நீலாவதி கையைத் தூக்கினாள்."

ஆங், இதுதான். (நேரில் 'அவர்', கதைக்குள் வந்ததும் 'அவள்'. மெம்பரம்மா மன்னிக்க வேண்டும். கொஞ்சம் கிட்டப் போய் நிற்க வேண்டியிருக்கிறது.)

3

ஆகஸ்ட் பதினைந்து. கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை. ஊராட்சிச் செயலர் விஜயராஜ் தீர்மானங்களை ரயில் வேகத்தில் படித்துக்கொண்டிருந்தார். நிழற்குடை என்ற சொல் காதில் விழுந்ததும் நீலாவதி கையைத் தூக்கினாள். பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஊர்ச் சுடுகாடு.

"சார், வேலைக்குப் போற பொம்பளைங்க தெனம் அரை மணி நேரம் சுடுகாட்டு மூஞ்சியிலயா முழிக்கிறது? மலையப் பாத்த மாதிரி கட்டச் சொல்லுங்க."

"ஆமா, அதான் நியாயம்!" என்றது பெண்கள் பக்கம். ஆண்கள் பக்கமும் தலையாட்டியது. 'மலையைப் பார்த்தவாறு' என்று விஜயராஜ் எழுதிக்கொண்டார். நூற்று எண்பத்தாறு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். பஸ் ரோட்டில்தான் வரும் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

(என் மனைவி இதைப் படித்துவிட்டு, "நூத்தி எம்பத்தாறு பேர்ல ஒருத்தருக்குக் கூடவா?" என்றாள். எங்கள் தெருச் சங்கம் ஒருமனதாகப் போட்ட வேகத்தடை, மழைத்தண்ணீரை எங்கள் வாசலிலேயே தேக்கி வைத்த கதையை ஞாபகப்படுத்தினேன். அத்தோடு விட்டுவிட்டாள்.)

அஸ்திவாரம் தோண்டும்போது மேஸ்திரி குப்பன் மட்டும் கேட்டார். "மெம்பரம்மா, ரோட்டுக்கு முதுகு வருதே, இன்னா பண்றது?"

"தீர்மானம் போட்டாச்சு மேஸ்திரி. நீ கட்டு."

கட்டினார். ரோட்டுப் பக்கச் சுவரில் திட்டத்தின் பெயரையும் பெரிய மனிதர்கள் பெயரையும் எழுதத் தாராளமாக இடம் கிடைத்ததில் எல்லோருக்கும் திருப்தி. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் காரிலும் பைக்கிலும் வந்தார்கள். மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு மலையிலிருந்து இறங்கிய பஸ், நிழற்குடைக்குள் உட்கார்ந்திருந்த பதினோரு பேரை விட்டுவிட்டு ஹாரன்கூட அடிக்காமல் போனது.

4

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதினோரு பேரில் நீலாவதியும் ஒருத்தி, அவளுடைய ஒரே மகள் கவியாவும் ஒருத்தி. கவியா வேலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். இந்த பஸ்ஸை விட்டால் வகுப்பு போயிற்று. இன்னும் நாலு நாள் லீவு விழுந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அடுத்த நிறுத்தம் மூன்று கிலோமீட்டர், பாதித் தூரம் காடு. "பொட்டப் புள்ள அவ்ளோ தூரம் தனியா நடக்குமா? படிச்ச வரைக்கும் போதும்," என்று பெரியப்பன் வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. தாய் மகள் இரண்டே பேர் இருக்கிற வீட்டில், இப்படி ஒரு பேச்சு உள்ளே நுழைந்தால் லேசில் வெளியே போகாது.

சுவரில் ஜன்னல் வைக்கலாமே? விஜயராஜ் கையை விரித்துவிட்டார். "வேலை முடிஞ்சதுன்னு போட்டோ ஏத்தியாச்சு மெம்பரம்மா. செங்கல் ஒண்ணைப் பேர்க்கணும்னாலும் அடுத்த கிராம சபையில தீர்மானம் வேணும்."

ஆகவே முறை போட்டார்கள். தினம் ஒருவர் வெளியே நின்று கை காட்ட வேண்டும், மற்றவர்கள் உள்ளே உட்காரலாம். ஒன்பது நாள் ஓடிற்று. அப்புறம், "நேத்து நான்தான நின்னேன்!", "உனக்கு மட்டும் இன்னா வெயிலு சுடுதா?" எனச் சண்டை. நீலாவதி தன் முறை வந்த அன்று யாரிடமோ கெஞ்சி மாற்றிக்கொண்டாள்.

(எல்லோரும் சேர்ந்து நின்றால் என்ன என்று நானும் கேட்டேன். "நிப்பாங்க சார், யாராவது மொதல்ல நின்னா," என்றார் மெம்பரம்மா.)

சண்டை தாங்காமல் குப்பன் ஒரு வழி சொன்னார். சோளக்கொல்லையில் நிற்கிற பொம்மையைக் கொண்டுவந்து ரோட்டோரம், கையை நீட்டி, நட்டார்கள். நீலாவதி வீட்டிலிருந்து ஒரு சட்டை கொடுத்தாள். தூறல் நாள். பஸ் கிறீச்சென்று நின்றது. "ஏறுய்யா, சீக்கிரம் ஏறு!" என்று கண்டக்டர் பொம்மையைப் பார்த்துக் கத்தினார். பதினோரு பேரும் குபுகுபுவென்று சுவருக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து ஏறினார்கள். பஸ்ஸே சிரித்தது, டிரைவரைத் தவிர.

மறுநாளிலிருந்து அந்த ஏழு நாற்பது டிரைவர் மட்டும் ஆள் நின்றாலும் நிறுத்துவதில்லை. 'இங்கே பயணிகள் இல்லை, பொம்மைதான் இருக்கிறது' என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டார். வருகிற வியாழக்கிழமை செக்கிங் அதிகாரி அதே பஸ்ஸில் வருகிறார். ரோட்டோரம் ஆள் நின்றால் நிறுத்தம் உண்டு, இல்லாவிட்டால் ரத்து.

வியாழக்கிழமை நீலாவதியின் முறை. இந்தத் தடவை ஒருத்தரும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்கள். "மெம்பரே நிக்கட்டும். எல்லாம் அவங்க தூக்கின கைதான?"

5

இங்கே நான் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். இந்த நீலாவதி யூனியன் ஆபீசில் மேஜையைத் தட்டிப் பேசுகிறவள். பேய்க்குப் பயப்படுகிற ஆளாக அவளை எழுதினால் பேனா ஓடவில்லை. பிறகு ஏன் நிற்கமாட்டேன் என்கிறாள்?

சட்டை. இரண்டு பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் ஆண் சட்டை ஏது?

அவளுடைய புருஷன் கோவிந்தன் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதை, பிறகு போனில் கேட்டபோது, குப்பன் சொன்னார். அவனைப் புதைத்தது ரோட்டுக்கு எதிரே, சுடுகாட்டு வேலியிலிருந்து மூன்றாவது மேடு. அதையும் அவர்தான் சொன்னார். பஸ்ஸில் போகும்போது ஒரு நொடியில் தாண்டிவிடலாம். தினமும் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியாது. கிராம சபையில் அதைச் சொல்ல முடியுமா? ஊர்ப் பெண்களுக்காகக் கேட்பதுபோல் கேட்டாள், ஊர் ஒத்துக்கொண்டது. அந்தத் தப்பை ஏற்று இப்போது மனுவோடு அலைகிறாள், பாவம்.

(இந்தப் பகுதி என் ஊகம். அவர் சொல்லவில்லை. ஆனால் பதினொன்றே கால் பஸ்ஸுக்கு நான்தான் ரோட்டோரம் நின்றேன். அவர் கடைசி நொடியில் வந்து, தலையைக் குனிந்தபடியே ஏறினார்.)

6

இன்று புதன். முடிவை எழுதியாக வேண்டும்.

முடிவு ஒன்று: நீலாவதி எழுந்து போய் நிற்கிறாள். எதிரே பார்க்கிறாள். மூன்றாவது மேட்டில் தும்பை பூத்திருக்கிறது. பஸ் நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தும்பையை நட்டது நான். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மனுஷியை அங்கே நிறுத்த எனக்கு என்ன உரிமை?

முடிவு இரண்டு: கவியா நிற்கிறாள், அப்பனைப் பார்த்தபடி... சீ, அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: அதிகாரி தானே இறங்கி, சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அடடே!" என்கிறார். இவ்வளவு நல்லவரை எழுதினால் நீங்கள் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

7

முதல் பிரிவில் ஒரு வரியை விழுங்கிவிட்டேன். பஸ் வருவதற்கு முன்னால் அந்த அம்மா என்னிடம் ஒன்று கேட்டார். நான் வெளியூர்க்காரன், அந்த மண்ணில் எனக்கு யாரும் இல்லை என்பதால்தான் கேட்டிருக்கிறார் என்று இப்போது புரிகிறது. அப்போது, "வரட்டும்ங்க, சத்தம் கேட்டா எழுந்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நீங்களும் இவ்வளவு நேரம் அந்த சிமெண்ட் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வியாழன், ஏழு முப்பத்தெட்டு. கவியா பாதி பின்னிய சடையோடு ஓடி வருகிறாள். மற்றவர்கள் மலையைப் பார்க்கிறார்கள். நீலாவதி பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழப் பார்க்கிறாள், முடியவில்லை. மேலே வளைவில் பஸ் கியர் மாற்றுகிற சத்தம் கேட்கிறது. அவள் உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"ஏங்க, கொஞ்சம் வெளிய நின்னு கை காட்றீங்களா?"