வெள்ளித் தண்ணீர்

கரம்பொனில் சங்கீதம் படிப்பிக்கும் கோசலா, நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்ட தங்கை தர்சனாவுக்கு டெங்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் குறிகட்டுவானில் படகேறினாள். தங்கை ஆஸ்பத்திரியில் இருப்பாள் என்றுதான் நினைத்தாள். இறங்குதுறையில் கண்ட ஒருவர், தர்சனா வீட்டில்தான், தில்லைநாதன் வைத்தியம் பார்க்கிறார் என்றார்.

தில்லைநாதன், தங்கையின் புருஷன் ஜெயரூபனுக்குப் பெரியப்பா மகன். நெடுங்காலம் கனடாவில் இருந்துவிட்டு, கொரோனாக் காலத்தில் தடுப்பூசி போடமாட்டேன் என்று எல்லாரோடும் கொழுவிக்கொண்டு ஊருக்கு வந்தவர். கூடவே இரண்டு வெள்ளிக் கம்பிகளும் வந்தன. அவற்றைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பற்றறியால் மின்சாரம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் தண்ணீரில் இறங்குமாம். அதைக் குடித்தால் எந்த வைரஸும் செத்துப்போகும் என்பது அவர் கட்சி. அவரே குடித்துக் குடித்து முகம் சாம்பல் நீலமாகிப் போயிருந்தது. ஊரில் சிலர் அதைத் தெய்வ கடாட்சம் என்றார்கள். கோசலாவுக்கோ, பழுதாகத் தொடங்கிய மீனின் தோல்தான் ஞாபகம் வரும்.

அறைக்குள் போனபோது அவர் தர்சனாவின் தலைமாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நீலம் பாரித்த நகங்களோடு கரண்டியைப் பிடித்து அவள் வாயில் ஊற்றினார். அவள் ஓங்காளித்தாள். கடைவாயில் வழிந்ததைத் தன் சாரத் தலைப்பால் துடைத்துவிட்டு, எச்சில் கரண்டியைத் திரும்பவும் அதே போத்தலுக்குள் விட்டார். வெள்ளி இருக்கிற இடத்தில் கிருமி நிற்காது என்று விளக்கமும் சொன்னார்.

ஜெயரூபன் சந்தோஷமாக, காய்ச்சல் விட்டுவிட்டது, தொட்டுப் பாருங்கோ மச்சாள் என்றான். தொட்டாள். உடம்பு சில்லிட்டு வியர்த்துக் கிடந்தது. தர்சனா வயிற்றைப் பொத்திக்கொண்டு முனகினாள். பல்லைச் சுற்றி முரசில் இரத்தம் கசிந்தது.

"முரசிலை இரத்தம் வருது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்," என்றாள் கோசலா.

"கெட்ட இரத்தம் தங்கச்சி, போகட்டும்," என்றார் தில்லைநாதன்.

வெள்ளிப் பாத்திரத்தில் வைத்த பால் பழுதாகாது, அது டொக்டர்மாருக்கும் தெரியும், தெரிந்தே மறைக்கிறார்கள் என்று தொடங்கி, போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் வீடியோவையும் நீட்டினார். கோசலா அதைப் பார்க்கவில்லை. ஓட்டோ பிடிக்கச் சொல்லி ஜெயரூபனிடம் சொன்னாள். அவன் அசையாமல், உத்தரவு கேட்பதுபோல அண்ணனின் முகத்தைப் பார்த்தான். கரண்டியை விட அந்தப் பார்வைதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"உம்மடை பெண்சாதி. நீர் ஆருடைய முகத்தைப் பாக்கிறீர்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோசலாவே ஓட்டோ பிடித்து, பக்கத்து வீட்டு மேரிஜோசப்பினைக் கூப்பிட்டாள். இரண்டு பெண்களுமாகத் தர்சனாவைத் தாங்கிக்கொண்டு போய் ஓட்டோவில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் உடனே சேலைன் ஏற்றி, படகில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்தார்கள். டெங்கில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்துத் தொடங்குகிறது என்று இளம் டொக்டர் கோசலாவுக்குச் சொன்னார். வெள்ளித் தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் சலித்துக்கொண்டார்.

"ஆய்வுகூடக் குழாயிலை வெள்ளி கிருமியைக் கொல்லும்தான். கை கழுவுற சவுக்காரமும் கொல்லும். அதைக் குடிக்கிறதே?"

தர்சனா பிழைத்தாள். அவள் தேறி நெடுந்தீவுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதில் தில்லைநாதனுக்குப் பக்கத்தில் தர்சனா உட்கார்ந்து, தன்னைக் காப்பாற்றியது அண்ணையின் வெள்ளித் தண்ணீர்தான், ஆஸ்பத்திரியில் வெறும் சேலைன்தான் ஏற்றினார்கள் என்றாள். பிறகு ஒரு கிளாஸை எடுத்துக் கடகடவென்று குடித்தாள். அவர் நீல உதடு விரியச் சிரித்தார்.

கோசலா தங்கைக்குப் போன் எடுத்தாள். தர்சனா மழுப்பவில்லை. அவர் புருஷனின் சொந்தம், தான் இந்த ஊரில் இருக்கவேண்டும், இரண்டு வசனம் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள்.

"இதைப் பாத்திட்டு ஒரு தாய் பிள்ளையை வீட்டிலை வைச்சிருந்தா?"

தர்சனா குரலைத் தாழ்த்தி, "நான் குடிச்சது கிணத்துத் தண்ணி, அக்கா. கிளாஸை முதலே மாத்திப்போட்டன்," என்றாள். கெட்டிக்காரத்தனமாக ஏதோ செய்துவிட்டவள் போலச் சிரித்தாள்.

ஏமாந்தவள் என்றால் கோசலா மன்னித்திருப்பாள். இவள் தெரிந்தே சொல்லியிருக்கிறாள். தான் தூக்கிச் சுமந்த உடம்பை நினைக்கவே கோசலாவுக்குக் கசந்தது. போனை வைத்துவிட்டு வீடியோவின் கீழே நடந்ததையெல்லாம் எழுதினாள். சொந்தக்காரர் திட்டித் தீர்த்தார்கள். பிறகு பார்த்தபோது அவள் எழுதியது அங்கே இல்லை.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. கோசலா எழுந்து, தங்கையின் பெயரையும் ஊரையும் மறைக்காமல், முரசில் கசிந்த இரத்தத்திலிருந்து கிணற்றுத் தண்ணீர்வரை சொன்னாள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த ஒருத்தி மட்டும் பாதியில் எழுந்து, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுக்கொண்டு வெளியே போனாள்.

செய்தி நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு தர்சனா அக்காவோடு கதைப்பதில்லை.