பற்றிமா சொன்ன ஓம்

பற்றிமா கைப்பேசியை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இதுதான் வேலை. புருசன் அம்புறோஸ் கண்ணை மெல்ல அசைத்தால் அவள் விரலால் தள்ள வேண்டும். ஒரு கைத்துப்பாக்கியின் படம் போய் மற்றது வரும். திரும்ப அசைத்தால் முந்தினது வரும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் மரப்பிடி. அவளுக்குக் கை உளைந்தது.

"கோல்ற் கொம்பனியின்ரயில குதிரை முத்திரை அடிச்சிருக்கும், பாரும்," என்றார் அம்புறோஸ். பாதி மூச்சுத்தான் சொல்லாக வந்தது.

"குதிரையைப் பாத்துப் பாத்துத்தானே இவ்வளவு காலமும் போச்சுது."

"மற்றது ஸ்பிறிங்பீல்ட். அதில குறி பாக்கிறது எனக்குச் சுகம். அதுதான் குழப்பம்."

படங்களை ரூடி அனுப்பியிருந்தான். துன் நகரத்தில் அம்புறோஸ் போகும் துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தின் செயலாளர் அவன். கடைக்காரர் இரண்டையும் சனிக்கிழமை வரைக்கும் எடுத்து வைப்பாராம், எது வேண்டும் என்று கேட்டுச் சொல்லட்டாம். ரூடிக்கு எப்போதும் நல்ல மனம். சனிக்கிழமை என்பது இந்த அறைக்கு எவ்வளவு தூரம் என்று அவனுக்கு யார் சொல்வது.

இலங்கைப் பாஸ்போட்டோடு இந்த நாட்டில் துவக்கோ பிஸ்ரலோ தொட முடியாது. இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போட் கைக்கு வந்த கிழமையே அம்புறோஸ் போய்க் கழகத்தில் சேர்ந்தார். கிழமை முழுக்க ஹோட்டல் குசினியில் நின்றுவிட்டு, ஓய்வு நாளில் தோய்த்து அழுத்திய வெள்ளைச் சேட்டோடு புறப்படுவார். கழகத்துப் பிஸ்ரலில்தான் சுடுவார். தனக்கென்று ஒன்று வேண்டும் என்பது ஆசை. அதுவும் நூறு வருசத்துக்கு மேல் பழைய அந்த அமெரிக்க மாதிரிதான் வேண்டும். இப்போது அதே மாதிரியைப் பல கொம்பனிகள் செய்கின்றன. எந்தக் கொம்பனியினுடையதை வாங்குவது என்பதில்தான் அவருக்கு முடிவு வரவில்லை.

வந்திருந்தாலும் பற்றிமா விட்டிருக்க மாட்டாள். மன்னாரில் அவளுடைய தம்பி ஒரு காலை பாண் வாங்கப் போனான். சந்தியில் வெடிச்சத்தம் கேட்டது. சைக்கிளை மட்டும் யாரோ உருட்டிக்கொண்டு வந்து படலையில் சாத்திவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள் துவக்கு வரக்கூடாது என்று கழகத்தில் சேர்ந்த அன்றே அவருக்குச் சொல்லிவிட்டாள். அவர் சண்டை பிடிக்கவில்லை. இரவுச் செபமாலை முடிந்ததும் இரண்டு படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, "எது, பற்றிமா?" என்பார். "ரெண்டும் வேண்டாம்," என்பாள் அவள். செபமாலைக்குப் பிறகு அதுவும் ஒரு செபம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் சிரித்துக்கொண்டு சொல்வார்: "என்ர மனிசி ஓம் எண்டு சொன்னால், உலகம் முடியப்போகுதெண்டு நினையுங்கோ."

நோய் வந்தபோது மருத்துவரிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: எதுவானாலும் மனைவியிடம் சொல்லுங்கள். மருத்துவர்கள் சொன்னதையெல்லாம் பற்றிமா தாழ்வாரத்தில் நின்று வாங்கிக்கொள்வாள். அறைக்குள் வரும்போது அது வேறொன்றாகியிருக்கும். நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறதாம், எடுத்தால் சரியாம். மருந்து மாற்றப் போகிறார்களாம். வெயில் காலத்துக்கு வீட்டுக்குப் போகலாமாம். அவளுடைய தகப்பனுக்கும் ஊரில் இப்படித்தான் சொன்னார்கள்; அவர் அமைதியாகப் போனார். அதைவிட நல்ல வழி அவளுக்குத் தெரியாது.

மகள் றோஷினிக்கு இது பிடிக்கவில்லை.

"அப்பாவின்ர உயிர், அம்மா. அவருக்குத் தெரிய வேணும்."

"தெரிஞ்சு என்ன செய்யிறது, பிள்ளை? பயந்துகொண்டு கிடக்கிறதோ? நான் இருக்குமட்டும் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது."

இன்று காலை மருத்துவர் தாழ்வாரத்தில் நின்று, இன்றோ நாளையோ என்றார். பற்றிமா முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். இரவெல்லாம் நல்லாய் நித்திரை கொண்டீர்கள் என்று மருத்துவருக்குச் சந்தோசமாம் என்றாள். நாள்கணக்காகக் கதிரையில் கிடந்து அவளுக்குத்தான் நித்திரை இல்லை. பொய்யை மினுக்கி மினுக்கி வைப்பது உடுப்புத் தோய்ப்பதைவிடக் களைப்பான வேலையாக இருந்தது.

மத்தியானம் அம்புறோஸ் வழமையான கேள்வியைக் கேட்டார்.

"பற்றிமா, நீர் சொல்லும். எது?"

வழமையான பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவருடைய கழுத்தெலும்பைப் பார்த்தாள். இந்த மனிசனுக்கு வேலையை ஏஜென்சி தெரிந்து கொடுத்தது, வீட்டை நகரசபை கொடுத்தது, அவளைக்கூட அவருடைய அக்காதான் பார்த்துக் கட்டிவைத்தாள். தானாகத் தெரிந்தெடுக்கவென்று அவருக்கு இருந்தது இது ஒன்றுதான். அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"கோல்ற்றையே எடுங்கோ," என்றாள். "குதிரை இருக்கிறதை. வீட்டிலயே வைப்பம். அலுமாரியில இடம் ஒதுக்கித் தாறன்."

அம்புறோஸின் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அவர் படத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"அப்பிடியோ," என்றார்.

"ஓம். எவ்வளவு காலமாக் கேக்கிறியள்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்று அவள் நினைக்கையில் கேட்டார்: "றோஷினி எப்ப வாறாள்?"

"வேலை முடிய வருவாள்."

"வேலை முடியுமட்டும் நிக்க வேண்டாம். இப்ப வரச் சொல்லும். வரேக்க பாதரையும் கூட்டிக்கொண்டு வரட்டும்."

பற்றிமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருத்துவர், தாதி, மகள் என்று எல்லாருடைய வாயையும் கட்டிவைத்தவள், தன் வாயைக் கட்டாமல் விட்டுவிட்டாள்.

"இல்லையப்பா," என்றாள் அவசரமாக. "நான் சும்மா சொன்னனான். அந்தச் சனியன் வீட்டுக்குள்ள வரேலாது. ரெண்டும் வேண்டாம்."

"சரி, சரி." அவர் கை தடவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. "உமக்குக் கை உளையும். போனைக் கீழ வையும்."

பாதர் வந்து, சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசினார். றோஷினி தகப்பனின் காலடியில் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏரியில் வெளிச்சம் இருக்கும்போதே அவர் போய்விட்டார். முகத்தில் பயம் இருந்ததா என்று பற்றிமா குனிந்து பார்த்தாள். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடக்கப் பூசைக்குக் கழகத்து ஆட்கள் வந்தார்கள். கழகக் கொடி பிடிப்பவர் கோயிலுக்கு வெளியே நின்றார். பெட்டியைக் குழியில் இறக்கும்போது அதற்கு மேல் கொடியைத் தாழ்த்துவது அவர்களுடைய வழக்கம். ரூடி உள்ளே வந்து பெட்டியருகே தலை குனிந்து நின்றான். பிறகு பற்றிமாவின் கையைப் பிடித்து, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஜேர்மனில் கேட்டான். கடைசியில் அம்புறோஸ் முடிவெடுத்துவிட்டாரா, எதை?

பற்றிமா அவனைப் பார்த்தாள். அம்புறோஸின் கைகளில் சுற்றியிருந்த செபமாலையைப் பார்த்தாள்.

"இல்லை," என்றாள் தனக்குத் தெரிந்த ஜேர்மனில். "கடைசிவரைக்கும் நான் விடவில்லை."

ரூடி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்," என்றான்.

"நான் ஓமெண்டு சொல்லேல்லை," என்றாள் பற்றிமா மறுபடியும், இந்தமுறை தமிழில், கொஞ்சம் உரக்க. ரூடிக்குத் தமிழ் தெரியாது. பெட்டி இன்னும் மூடப்படாமல்தான் இருந்தது.