எட்டாவது கோப்பை

காரின் ஜன்னலை ஒட்டிச் சைக்கிளைக் கொண்டுவந்து தபரேஸ் இடது கையை நீட்டினான். கோச் சம்பத் உள்ளிருந்து தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். இரண்டைச் சைக்கிளில் செருகினான். மூன்றை ஜெர்சியின் முதுகுப் பைகளில் போட்டான். மிச்சத்தைக் கழுத்து வழியாக முதுகுக்குள் இறக்கினான். ஐஸில் கிடந்த பாட்டில்கள் தண்டுவடத்தில் உரசியபோது அந்த வெயிலிலும் உடம்பு கூசியது.

"இன்னும் ஒண்ணு?" என்றார் சம்பத்.

"குடுங்க சார். நவீத் தண்ணி தண்ணின்னு உசிர எடுக்கிறான்."

"ஹேமந்த் எப்படி இருக்கான்?"

"வாயே திறக்கல. அப்படின்னா நல்லாருக்கான் சார்."

காரை விட்டு விலகி, இடுப்பைத் தூக்கி மிதித்தான். கிருஷ்ணகிரிச் சாலையில் பந்தயக் கூட்டம் நெடுந்தூரம் முன்னால் போயிருந்தது. அதன் வாலைப் பிடித்து, முழங்கைகளுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே இடம் கேட்டுக் கேட்டு மேலேறினான். தன் டீம் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பாட்டிலைக் கொடுத்தான். கடைசியில் ஹேமந்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது முதுகில் எதுவும் மிச்சமில்லை. தனக்கு எடுத்து வைக்க மறந்திருந்தான்.

அங்கிருந்து அவன் உண்மையான வேலை தொடங்கியது. ஹேமந்தின் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் தன் பின்சக்கரத்தை வைத்துக்கொண்டு எதிர்க்காற்றை மார்பில் வாங்கினான். பின்னால் வருகிறவனுக்குக் காற்று படாது. பாதி பலத்தில் ஓட்டலாம். முடிவுக் கோட்டுக்கு இருநூறு மீட்டர் என்று காட்டும் பலகை வந்ததும் தபரேஸ் முழங்கையை அசைத்து இடது பக்கம் ஒதுங்கினான். சேர்த்து வைத்திருந்த பலத்தோடு ஹேமந்த் வலது பக்கமாகப் பாய்ந்தான். தபரேஸ் மிதிப்பதை நிறுத்திவிட்டான். யார் யாரோ அவனைத் தாண்டிப் போனார்கள். மைக்கில் ஹேமந்தின் பெயரைச் சொன்னதும் இவன் கையை மடக்கிக் காற்றில் ஒரு குத்து விட்டான்.

அது டீமின் ஏழாவது வெற்றி.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனி, சைக்கிள் வீரர்களுக்கான ஷூ தைக்கத் தொடங்கிய வருடம் டீமையும் தொடங்கியது. ஷூவைப் போட்டுக்கொண்டு ஓட்ட ஆள் வேண்டும் என்பது முதலாளியின் எண்ணம். தபரேஸ் அப்போது அதே கம்பெனியின் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தான். பேரணாம்பட்டிலிருந்து தினமும் பழைய சைக்கிளில் வேலைக்கு வருவான். ஒரு நாள் காலை டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த சம்பத், பஸ்ஸை முந்திக்கொண்டு ஓர் ஆள் டிபன் கேரியருடன் போவதைப் பார்த்தார். அடுத்த மாதமே தபரேஸ் டீமில் இருந்தான். அதன் பிறகு சைக்கிள் ஓட்டுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். கல்யாணமாகி ஆம்பூருக்கே குடிவந்தான். மனைவி சஹர் அதே கம்பெனியின் தையல் ஹாலில் மெஷின் ஓட்டினாள். அவன் காலில் இருந்த ஷூ அவள் லைனில் தைத்ததாகவும் இருக்கலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பிய வாரம், சைக்கிள் ஷெட்டில் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது சம்பத் வந்து பக்கத்தில் குந்தினார்.

"ஆபீஸ்ல ஒரு பேச்சு ஓடுதுப்பா."

"இன்னா சார்?"

"ஆர்டர் கம்மியாய்ட்டுதாம். டீம்ல ஆள் ஜாஸ்தியாம். ஜெயிக்கிறது ஒருத்தன், இத்தினி பேருக்கு இன்னாத்துக்குச் சம்பளம்னு மேனேஜர் ஜெயப்பிரகாஷ் சார் கேக்கறாரு. ஒரு கோப்பைகூட வாங்காதவங்கள திரும்ப ஷிப்டுல போடப் போறாங்க. மொதல் பேரு உன்னுது."

தபரேஸ் துணியால் செயினைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "நீங்க சொன்னீங்களா சார், நம்ம வேல இன்னான்னு?"

"சொன்னேன். காத்த மறைக்கிறதுன்னா இன்னான்னு கேட்டாரு. ஏ.சி. ரூம்ல உக்காந்துக்கிட்டு எப்படிச் சொல்றது அத?" சம்பத் எழுந்தார். "நம்ம ஊர்லயே ரேஸ் வருது. அதுல நீ ஜெயிச்சுடு. மத்தத நான் பேசிக்கிறேன்."

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூரில் தொடங்கி, பேரணாம்பட்டு தாண்டி ஆந்திர எல்லை மலைப்பாதையில் ஏறி இறங்கி, குடியாத்தம், மாதனூர் வழியாகத் திரும்ப ஆம்பூருக்கே வர வேண்டும். காலையில் ஷூவின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஹேமந்த் எதிரில் வந்து நின்றான். காட்பாடிப் பையன். டீமுக்கு வந்த ஏழு கோப்பைகளும் அவன் பெயரில் வந்தவை.

"பாய், இன்னிக்கு நீங்க ஜெயிக்கிறீங்க. நான் தண்ணி எடுத்தாரேன்."

"சும்மா இருப்பா."

"நாங்க எல்லாரும் பேசிட்டோம். சாரும் சரின்னுட்டாரு. நீங்க என் பின்னால உக்காந்துக்கிட்டு வந்தா மட்டும் போதும். கடைசியில தாண்டிப் போய்டுங்க."

நவீத் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். தபரேஸ் ஷூவின் பட்டையை இன்னொரு முறை இறுக்கினான். தலையை மட்டும் ஆட்டினான்.

சொன்னபடியே ஹேமந்த் காருக்குப் போய்ப் பாட்டில்களை எடுத்து வந்தான். பழக்கமில்லாததால் ஒன்றை வழியில் நழுவவிட்டான். தபரேஸ் தன் பங்கை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, சிறிது நேரம் கழித்து, ஹேமந்த் பக்கம் நீட்டினான்.

"பாய், அது உங்களுக்கு!"

"பாதி குடிச்சிட்டேன்பா. உனக்கு வேணாமா?"

"குடிங்க பாய், பேஜார் பண்ணாதீங்க."

மலைப்பாதை அவன் சின்ன வயதிலிருந்தே ஓட்டிய பாதை. எந்த வளைவில் ஜல்லி சிதறிக் கிடக்கும், எங்கே குரங்குகள் குறுக்கே வரும் என்று தெரியும். ஏற்றத்தில் கூட்டம் பிய்ந்தது. நவீத் மூச்சு வாங்கிப் பின்தங்கினான். எல்லையைத் தொட்டுத் திரும்பும்போது முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள்: தபரேஸ், ஹேமந்த், பெங்களூர் டீமின் பச்சை ஜெர்சிக்காரன் ஒருவன். குடியாத்தம் கடைத்தெருவில் ஜனங்கள் கைதட்டினார்கள். மாதனூர் வரைக்கும் ஹேமந்த் முன்னால் ஓட்டினான். அவன் முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. தபரேஸுக்கு அது வினோதமாக இருந்தது. யாரோ தன்னைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் கூச்சப்பட்டான். ஆனால் கால்கள் லேசாக இருந்தன. இப்படியா இவன் தினமும் ஓட்டுகிறான் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது.

ஆம்பூர் சர்வீஸ் ரோட்டில் கம்பெனி ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பழைய ஆர்டர் ஒன்றை முடிக்க ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு நடந்ததால், பந்தயம் முடியும் நேரத்துக்கு மட்டும் அவர்களை வெளியே விட்டிருந்தார்கள். ஆளுக்கொரு வெள்ளைத் தொப்பி கொடுக்கப்பட்டிருந்தது. சஹர் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், பக்கத்து வீட்டார் கூட்டி வந்திருந்த மகள் இஃப்ராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். லைனில் அவளுக்கு அடுத்த மெஷினில் தைக்கும் பூங்குழலி கூட இருந்தாள்.

"அதோ வர்றாங்கடி! யாரு முன்னால?"

"அவருதான்," என்றாள் சஹர். பிறகு முகம் மாறியது. "அவரு ஏன் முன்னால வர்றாரு? பின்னாலதான இருக்கணும்னு சொன்னாங்க?"

கடைசிக் கிலோமீட்டரில் எதிர்க்காற்று வீசியது. ஹேமந்தின் தோள் லேசாக ஆடியதைத் தபரேஸ் பார்த்தான். யோசிக்கவில்லை. கியரை மாற்றி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டான். ஹேமந்த் கத்தினான், "பாய், பின்னால வாங்க!" அதற்குள் வேகம் ஏறிவிட்டது. மாற்றிக்கொள்ள நேரமில்லை. பச்சை ஜெர்சிக்காரன் தாண்டிவிடாமல் ஹேமந்த் சைக்கிளைக் குறுக்காக வைத்துக்கொண்டான். "சரி, அப்படியே போங்க! நிக்காதீங்க! போய்ட்டே இருங்க!"

தபரேஸுக்குக் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தான். முன்னால் யாரும் இல்லை, வெறும் ரோடு. இருபுறமும் வெள்ளைத் தொப்பிகள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தின. அந்தப் பெயரை அவன் இதற்கு முன் எந்த முடிவுக் கோட்டிலும் கேட்டதில்லை. இருநூறு மீட்டர் பலகை வந்தது. அவன் முழங்கை அசைந்தது. சைக்கிள் இடது பக்கம் ஒதுங்கியது.

"பாய்!" என்று அலறினான் ஹேமந்த். அவனுக்குப் பின்னால் பச்சை ஜெர்சி எழும்பிவிட்டது. இனி யாராவது ஒருவன் பாய்ந்தே ஆகவேண்டும். ஹேமந்த் பாய்ந்தான். அரைச் சக்கர வித்தியாசத்தில் கோட்டைத் தாண்டினான்.

மைக்கில் ஹேமந்தின் பெயர் கேட்டது. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த தபரேஸ் கையை மடக்கிக் காற்றில் குத்தினான். பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. மடக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஹெல்மெட்டின் மேல் வைத்துக்கொண்டான்.

ஹேமந்த் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. "இன்னா பாய் பண்ணீங்க? இன்னா பண்ணீங்க?"

"தெரியலப்பா. பலகையப் பாத்தேன். ஒதுங்கிட்டேன்."

தபரேஸின் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து ஹேமந்துக்கும் அடக்க முடியவில்லை. மூச்சிறைக்க வந்து சேர்ந்த நவீதுக்கு இரண்டு பேரும் ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. சம்பத் மட்டும் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

கூட்டம் கலையும்போது ஆபீஸ் ஆள் ஒருவன் சாக்குப்பையோடு வந்து தொப்பிகளைத் திரும்பக் கேட்டான்.

"தலையில இருந்த வேர்வையையும் சேத்து வாங்கிக்கப்பா," என்று பூங்குழலி கழற்றிப் போட்டாள்.

அன்று சாயங்காலம் டீம் முழுக்கத் தபரேஸ் வீட்டுக்கு வந்தது. சஹர் பிரியாணி செய்திருந்தாள். கத்திரிக்காய் தாள்சா தீர்ந்துபோய் இரண்டாவது முறை வைக்க வேண்டியிருந்தது. நவீத் எழுந்து நின்று முழங்கையை ஆட்டி இடது பக்கம் ஒதுங்கிக் காட்டினான். இஃப்ராவும் அதையே செய்து காட்டினாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சிரிக்காதீங்க," என்றாள் சஹர், சோற்றைப் பரிமாறிக்கொண்டே. "எனக்கும்தான். தூங்கறப்போ கால் மெஷின மிதிக்குதாம். இவரு எழுப்பிச் சொல்வாரு."

"அண்ணி, நீங்க கோவிச்சுக்கல?" என்று கேட்டான் ஹேமந்த்.

"காலைல கோவந்தான். இப்ப இல்ல. என் பக்கத்துல நின்ன பொம்பளைங்க எல்லாம் இவரு பேரத்தான் கத்தினாங்க. நான் கேட்டேன்ல." அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து சேதி வந்தது. தபரேஸ் செவ்வாய்க்கிழமை முதல் ஃபினிஷிங் செக்ஷனில் காலை ஷிப்டுக்கு வர வேண்டும். ஆசையிருந்தால் ஷிப்டு முடிந்து டீமோடு சைக்கிள் ஓட்டிக்கொள்ளலாம். ஹேமந்த் ஷெட்டுக்கு வந்து ஜெர்சியைக் கழற்றி எறிந்தான்.

"நானும் வரல. அவங்களே ஓட்டிக்கட்டும்."

தபரேஸ் அதை எடுத்து உதறி மடித்தான். "லூசா நீ? நீ விட்டுட்டா ஒன்பதாவது எவன் ஜெயிப்பான்?"

"காத்து யாரு பாய் மறைப்பாங்க?"

"நவீதுக்குச் சொல்லித் தர்றேன். நேரா போறான் அவன், அதுதான் தப்பு. காத்து வர்ற பக்கம் கொஞ்சம் சாஞ்சு போகணும்." ஜெர்சியை ஹேமந்தின் தோளில் போட்டான். "நான் ஜெயிச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா எட்டு ரேஸ் நம்ம டீம் ஜெயிச்சுது. அந்த எட்டுலயும் நான் இருந்தேன். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்."

செவ்வாய்க்கிழமை காலை சஹர் முன்னதாகவே போய்விட்டாள். இஃப்ராவைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஊதா நிற யூனிஃபார்ம் சட்டையில் தபரேஸ் கம்பெனிக்கு வந்தபோது இன்னும் சங்கு ஊதவில்லை. முன் வாசலில் கார் நின்றிருந்தது. பர்சனல் மேனேஜர் ஜெயப்பிரகாஷ் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு இருபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தபரேஸ்! நல்ல நேரத்துல வந்தே. ஒரு கை குடுப்பா, வெயிட்டு."

இடுப்பளவு உயரக் கோப்பை. அடியில் தேக்குக் கட்டை. தபரேஸ் அதை மார்போடு அணைத்துத் தூக்கினான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, குளுகுளுவென்றிருந்த பளிங்குத் தரையில் நடந்தான். அலமாரியில் ஏற்கெனவே ஏழு கோப்பைகள் இருந்தன. "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு. பேர் முன்னால தெரியணும்," என்றார் ஜெயப்பிரகாஷ். அவன் திருப்பி வைத்தான். சற்றுப் பின்வாங்கி எட்டையும் பார்த்தான். ஒன்று மைசூர், நாள் முழுக்க மழை. ஒன்று கோயம்புத்தூர், அன்று அவனுக்குக் கன்னம் கிழிந்து தையல் போட்டார்கள். ஓரத்தில் இருந்தது கிருஷ்ணகிரி. நன்றாக இருந்தது, எல்லாம் ஒரே இடத்தில். அவன் இதற்கு முன் இந்த அறைக்குள் வந்ததில்லை.

வெளியே சங்கு ஊதியது. உள்ளே ஹாலுக்குப் போகும் கதவை நோக்கி அவன் நடந்தான்.

"அந்த வழி ஸ்டாஃபுக்குப்பா," என்றார் ஜெயப்பிரகாஷ். "நீ சுத்தி வா."

செருப்பை மாட்டிக்கொண்டு, நீண்ட மதிலைச் சுற்றி, குழாய்ப் பாலத்துக்கு அடியில் குனிந்து, பின் கேட்டுக்கு ஓடினான். வாட்ச்மேன் ஆபித் பாஷா கடிகாரத்தைக் காட்டினார்.

"லேட்டு தபரேஸ். அரை நாள் சம்பளம் போச்சு."

"உள்ளதான் பாய் இருந்தேன். ஆபீஸ்ல. கோப்பையத் தூக்கி வெச்சிட்டு வர்றேன்."

"நெசந்தான், நான் நம்பறேன். மெஷின் நம்பணுமே? விரல வை."

தபரேஸ் விரலை வைத்தான். மெஷின் கீச்சென்று கத்திச் சிவப்பு விளக்கைக் காட்டியது. திறந்திருந்த தையல் ஹால் கதவு வழியாக அவனைப் பார்த்துவிட்ட பூங்குழலி கத்தரிக்கோலால் மேஜையைத் தட்டினாள். அடுத்தவள் தட்டினாள். சஹர் எழுந்து நின்றாள். வரிசை வரிசையாக ஹால் முழுவதும் மேஜைகள் அதிர்ந்தன. தபரேஸ் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு இன்னொரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தினான். சிவப்பு விளக்கு இன்னும் அணையவில்லை.