தாங்கும் நேரம்

இரண்டு லேப்டாப்புக்கும் பெயரின் கடைசியில் இருக்கும் ஒற்றை எழுத்துதான் வித்தியாசம் என்று கடைக்காரப் பெண் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருடமாக வீடியோ எடிட் செய்கிறவள், இதைக் கவனித்ததே இல்லை.

"ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிக்கா. எச்னு முடியுற பிராசஸர் வேலையில புலி, சாப்பாட்டுலயும் புலி. ரெண்டு மணி நேரத்துல பேட்டரியக் காலி பண்ணிடும். யூ கொஞ்சம் நிதானம், ஆனா பசியே எடுக்காது."

வேகமும் பேட்டரியும் சேர்ந்த மூன்றாவது ஒன்று மேல்தட்டில் இருந்தது. அதன் விலைச்சீட்டைப் படித்தவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடையின் எல்லாத் திரைகளிலும் ஒரே நீலக் கடல் ஓசையில்லாமல் அசைந்தது. பார்க்கப் பார்க்க டயாலிசிஸ் அறைதான் நினைவுக்கு வந்தது. பகல் பதினொரு மணிக்கே அந்த அறை அரைத்தூக்கத்தில் மிதக்கும். ரத்தம் குழாய் வழியே வெளியே போய் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், கணவரின் கட்டிலருகே அவளும் மிதப்பாள். அங்கே பிளக் எல்லாம் மெஷின்களுக்குத்தான். அவளுடைய பழைய லேப்டாப் அரை மணியில் கண்ணை மூடிவிடும். சார்ஜ் போடக் கீழே கேண்டீனுக்கு ஓட வேண்டும். போன வாரம் அப்படி ஓடியிருந்தபோதுதான் அவருக்குப் பிரஷர் இறங்கியது. அதைப் பற்றி அவர் அவளிடம் மூச்சே விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார். அன்றிலிருந்து கேண்டீனுக்கு ஓடவே அவளுக்குப் பயம்.

எச் வாங்கினால் இருபது நிமிட வேலை ஐந்தில் முடியும், இன்னும் நாலு வீடியோவுக்கு வேலை பிடிக்கலாம். அவரும் காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், வேகமானதை வாங்கி வீட்டிலேயே நிம்மதியாக வேலை பார் என்று. இப்போது கடையின் பெஞ்சில் சாய்ந்து, கடலைப் பார்த்தபடி கண் சொக்கிக் கிடந்தார்.

அவள் யூவைத் தொட்டுக் கடைக்காரப் பெண்ணிடம் கேட்டாள்.

"எடிட்டிங் ஓடிட்டே இருந்தா நாலு மணி நேரம் தாங்குமா?"

"தாங்கும், தாங்கும்" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "நாலு மணி நேரம்தான? நான் தனியாவே தாங்கிக்குவேன். நீ வந்து காவல் உக்கார வேணாம்னு எத்தன தடவ சொல்றது?"

கடைக்காரப் பெண்ணுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"உங்களக் கேக்கலங்க, பேட்டரியக் கேட்டேன்" என்றாள் அவள். சிரிக்கத்தான் நினைத்தாள், குரல் உடைந்துவிட்டது. "நீங்க தாங்குவீங்க. வீட்ல உக்காந்திருந்தா எனக்குத்தான் தாங்காது."

கடைக்காரப் பெண் மெல்ல யூவின் வயரைப் பிடுங்கி, அவள் கையில் கொடுத்தாள். திரை ஒரு கணம் மங்கியது. கடல் நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தது. பெஞ்சில் அவர் சுவரோரமாகத் தள்ளி உட்கார்ந்தார், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.